அறுவடைக்கு முந்திய பண்டிகை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு, இருண்ட குளிர்காலத்தில் மகிழ்ச்சியும் கிறித்தவ நம்பிக்கையும். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "நம்ம ஊர்ல ஏதுங்க குளிர்காலம்? மார்கழியில நாலு நாள் போர்வை தேடுவோம். அப்புறம் மறுபடியும் வெயில்தானே?" என்று சிரித்தார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அரியலூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதினோரு பாகையில் இருக்கிற ஊர். டிசம்பர் 21ஆம் தேதி, ஆண்டிலேயே குறுகிய பகலிலும், நமக்குச் சுமார் பதினொன்றரை மணி நேரம் வெளிச்சம் உண்டு. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் பிறந்த வட இத்தாலியின் காஸ்திலியோனேயில் அதே நாளில் பகல் ஒன்பது மணி நேரம்கூடத் தேறாது. ஸ்டாக்ஹோமில் ஆறு மணி நேரம்தான். அங்கே பிற்பகல் மூன்று மணிக்கு விளக்கேற்றுகிறவர்கள் இருளில் ஒளி பிறந்தது என்று பாடினால், சன்னலுக்கு வெளியே பார்த்தாலே அதன் பொருள் விளங்கிவிடும். நமக்கு அப்படி விளங்காது. ஜவுளிக் கடை வாசலில் தெர்மாகோல் பனி உதிர, கம்பளி அங்கியில் வேர்த்து வழியும் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்த்துப் பழகிவிட்டோம். பெரம்பலூர்க் கத்தோலிக்கர்களின் கோவில் பனிமய மாதா பேரில் இருக்கிறது. ஆனால் அந்தப் பேருக்குக் காரணமான பனிகூட உரோமாபுரியில் கொளுத்தும் ஆகஸ்டு மாதத்தில் பெய்ததாகத்தான் கதை. அதன் திருநாளும் ஆகஸ்டு 5. நம் டிசம்பருக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

அப்படியானால் பெரம்பலூர், அரியலூர் என்ற இந்த இரண்டு மாவட்டங்களில் கிறிஸ்துமஸ் எந்த இருட்டில் வருகிறது? அதைச் சொல்லாமல் நம்பிக்கையைப் பற்றிப் பேசினால் இரவல் வாங்கிப் பேசியதாகிவிடும்.

நம் இருட்டு ஐப்பசி அடைமழையில் தொடங்குகிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை சாத்தி, மெழுகுதிரி ஏற்றுவார்கள். பெரும்பாலும் அன்று மழை பிடித்துக்கொள்ளும். ஒரு கையில் குடை, மறு கையில் தீப்பெட்டி. குடையைத் தலைக்குப் பிடிக்காமல் திரிக்குப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நிற்கும் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நவம்பர் முழுவதும் இறந்தோர் மாதம். அந்த மாதம் முடிகிற இடத்தில்தான், கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் திருவருகைக் காலம் தொடங்குகிறது. அதன் முதல் ஞாயிறு எந்த ஆண்டானாலும் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில்தான் விழும். கல்லறையிலிருந்து தொட்டிலுக்கு என்பதுதான் திருச்சபை நாட்காட்டியின் வரிசை. இந்த வரிசையை மாற்றிப் போட்டுவிட்டு நேராகக் கேக்குக்கும் நட்சத்திரத்துக்கும் போய்விடுகிறோம்.

நவம்பர் என்றால் அரியலூருக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1956 நவம்பர் 23, விடியாத வேளை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன விரைவு ரயில் அரியலூரைத் தாண்டி, கல்லகம் போய்ச் சேரும் முன்னே, வெள்ளம் பெருகியிருந்த மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. நூற்றைம்பதை ஒட்டிய உயிர்கள் போயின. தூக்கத்திலிருந்த பெட்டிகள் அப்படியே தண்ணீருக்குள் இறங்கின. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். நாடு முழுக்க அரியலூர் என்ற பெயரைக் கேட்டது அன்றைக்குத்தான். அரியலூர் மாவட்டம் இரண்டாம் முறையாகப் பிரிந்து நிலைபெற்றதும் 2007இல் அதே நவம்பர் 23 அன்று. தேதி குறித்தவர்களுக்கு அது நினைவில் இருந்ததா இல்லையா, யார் கண்டது?

தமிழகத்தின் பெரிய துக்கங்கள் பலவும் இந்தப் பருவத்தில்தான் நேர்ந்திருக்கின்றன. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடி போனது. கூரையில்லாமல் நிற்கும் அதன் தேவாலயத்தைத்தான் இன்று சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 வேளாங்கண்ணியில், பிறப்பு விழா கொண்டாடிய மறுநாள் காலை, ஆழிப் பேரலை. 2011 டிசம்பர் 30 தானே புயல். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகள் ஒரே இரவில் வேரோடு சாய்ந்தன. வரதராசன்பேட்டை, ஆண்டிமடம் பக்கம் முந்திரியை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அது என்ன இழப்பு என்று நான் விளக்க வேண்டியதில்லை. கன்று வைத்துக் காய்க்கும்வரை வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய மரம் அது.

இவையெல்லாம் செய்தித்தாளில் வந்த இருட்டு. செய்தியாகாத இருட்டு ஒன்று ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. பெரம்பலூர்க் கரிசலில் புரட்டாசி ஈரத்தில் மானாவாரியாகப் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறார்கள். கொள்ளிடக் கரையில் சம்பா நடுகிறார்கள். அதிலிருந்து தை வரைக்கும் பணம் நிலத்துக்குள் போய்க்கொண்டே இருக்கும், வெளியே வராது. உரம், களை எடுப்பு, மருந்து, நடுவில் தீபாவளி. நகை கூட்டுறவு வங்கிக்குப் போய்விடும். கார்த்திகை கடைசியில் பயிர் பச்சையாக நிற்கும், பெட்டியில் ஒன்றும் இருக்காது. 2018இல் அந்தப் பச்சையும் போனது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த படைப்புழு அந்த ஆண்டுதான் இந்தியாவுக்குள் நுழைந்தது. பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளக் காடுகளில் குருத்துக்குள் உட்கார்ந்து தின்று தீர்த்தது. அதற்கு முந்திய ஆண்டு, 2017இல், பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் நச்சேறி இறந்தார்கள். பனியும் இல்லை, குளிரும் இல்லை. இதுதான் நம் குளிர்காலம்.

இங்கேதான் நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இருக்கிறது. ஐரோப்பியக் குடியானவனுக்குக் கிறிஸ்துமஸ் அறுவடை முடிந்த பிறகு வருகிறது. தானியம் களஞ்சியத்தில், இறைச்சி உப்பில், பீப்பாயில் மது. வெளியே உறைபனி, உள்ளே நிறைவு. நமக்கோ அறுவடைக்கு முன்னால் வருகிறது. விளைந்து வீடு சேர்ந்த பிறகு கொண்டாட நமக்குப் பொங்கல் இருக்கிறது. அது நன்றி சொல்லும் நாள். கைக்கு ஒன்றும் வராதபோது, வருமா என்றும் தெரியாதபோது, விளக்குப் போட்டுப் பலகாரம் சுடுவதை என்னவென்று சொல்வது? பக்கத்து வயல்காரர் அதை ஊதாரித்தனம் என்பார். கணக்குப் போட்டால் அவர் சொல்வது சரிதான். ஆனால் கிறித்தவ நம்பிக்கையின் சுபாவமே அது. இசாயா தீர்க்கதரிசி மீட்பைப் பாடியபோது மீட்பு வந்துவிடவில்லை. பிள்ளை பிறப்பதற்கு வழியே இல்லாத வயதில் ஆபிரகாம் நம்பினார் என்று பவுல் எழுதும்போது, நம்புவதற்கு இடமில்லாதபோதும் நம்பியதைத்தான் பெருமையாகச் சொல்கிறார். கண்ட பிறகு நம்புவதற்குத் தனியாக ஒரு புண்ணியம் தேவையில்லை.

இந்தக் காத்திருப்பு தமிழுக்குப் புதிதா? இல்லை. நம் இலக்கணக்காரர்கள் அதற்கு ஒரு திணையே வகுத்து வைத்திருக்கிறார்கள். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. மழைக்கால மாலையில், வருவதாகச் சொன்னவர் வருவார் என்று ஆற்றியிருப்பது. திருவருகைக் காலத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த மறைக்கல்வி நூலும் விளக்கியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. முல்லைப்பாட்டில் நப்பூதனார் ஒரு காட்சி வைக்கிறார். போருக்குப் போன தலைவன் திரும்பவில்லை. மழை பெய்து ஓய்ந்த மாலை. வீட்டிலுள்ள முதிய பெண்கள் ஊருக்கு வெளியே போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கைதொழுது, நல்ல சொல் ஏதாவது காதில் விழாதா என்று நிற்கிறார்கள். அங்கே ஓர் ஆயர் மகள். குளிரில் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். தாய்ப்பசுவைக் காணாமல் சுழன்று தவிக்கும் கன்றுக்குச் சொல்கிறாள்: கோவலர் பின்னால் நின்று ஓட்டிவர, உன் தாய்மார் இப்போது வந்துவிடுவார்கள். கன்றுக்குச் சொன்ன அந்தச் சொல்லைத்தான் முதியவர்கள் எடுத்துவந்து தலைவியிடம் சேர்க்கிறார்கள்.

லூக்கா நற்செய்தியில் இரவில் மந்தையைக் காவல் காத்த இடையர்களுக்குத்தான் முதல் செய்தி போகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று வாதாட வரவில்லை. அப்படி வாதாடுகிற புத்தகங்கள் ஏற்கெனவே வேண்டிய அளவுக்கு இருக்கின்றன. நான் கவனித்தது முல்லைப்பாட்டில் அதற்கு அடுத்து நடப்பதை. நல்ல சொல் வந்தாகிவிட்டது, முதியவர்கள் தேற்றியாகிவிட்டது. தலைவியின் அழுகை நிற்கவில்லை. நப்பூதனார் அவளை உடனே சிரிக்க வைக்கவில்லை. சொல் வந்ததும் உண்மை, கண்ணீர் நிற்காததும் உண்மை. பாட்டு முடிகிறபோதுதான் தேரும் கொம்பொலியும் கேட்கின்றன. துக்க வீட்டுக்குப் போய் "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று இரண்டு நிமிடத்தில் தேற்றிவிட்டுக் காப்பி குடிக்க உட்காரும் நம் ஆட்கள் இந்த இடத்தை ஒருமுறை படிக்க வேண்டும்.

பத்துப்பாட்டிலேயே நெடுநல்வாடையும் மழையும் கூதிருமாகத்தான் தொடங்குகிறது. வெள்ளத்துக்குப் பயந்து மந்தையை மேட்டுநிலத்துக்கு ஓட்டிய இடையர்கள், சூடிய பூமாலையெல்லாம் நனைய, நெருப்பைச் சுற்றி நின்று கைகாய்ந்து நடுங்குகிறார்கள். கிறிஸ்துமஸ் குடிலுக்கு இடையர் பொம்மை செய்கிற குயவர்கள் வெளிநாட்டு அட்டையைப் பார்த்துத் தொப்பி வைக்காமல் நக்கீரரைப் பார்த்துச் செய்திருக்கலாம். இந்தப் பத்துப்பாட்டை ஏட்டிலிருந்து மீட்டு 1889இல் அச்சில் கொண்டுவந்த உ.வே. சாமிநாதையர், இந்த மண்ணில் வளர்ந்த பிள்ளை. அரியலூரில் சடகோப ஐயங்காரிடம் தமிழ் படித்து, குன்னத்தில் குடியிருந்து, பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை கற்றவர். ஊர் ஊராகப் பிழைப்புத் தேடி அலைந்த வறுமையான குடும்பம். அவர் எழுதிய ‘என் சரித்திரம்’ நூலில் அந்தப் பக்கங்களைப் படித்தால், இரண்டு மாவட்டங்களின் மழைக்காலச் சேற்றுப் பாதைகளையும் சேர்த்தே படித்ததாகும்.

இனி ஏலாக்குறிச்சிக்கு வருகிறேன். அடைக்கல மாதாவின் ஊர். வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பாடிய ஊர். கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சை மராட்டியர் ஆட்சி, வடக்கே அரியலூர் மழவராயர் பாளையம். தஞ்சைச் சீமையில் துன்புறுத்தப்பட்ட கிறித்தவர்கள் ஆற்றைத் தாண்டினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று வடகரைக்கு வந்தார்கள். மழவராயருக்கு வந்த ராஜபிளவை என்னும் கட்டியை முனிவர் பச்சிலை வைத்துக் குணப்படுத்தினார், அதற்காக நிலம் கிடைத்தது என்பது செவிவழிக் கதை. கதையின் விவரம் எப்படியிருந்தாலும், வேற்றுச் சமயத்து ஆட்சியாளர் ஒருவர் நிழலில்தான் அந்தக் கோவில் எழும்பியது என்பதில் ஐயமில்லை. அடைக்கலம் கொடுத்தவர் யார், அடைந்தவர் யார் என்பதை இந்தக் காலத்தில் இரண்டு தரப்புமே அடிக்கடி மறந்துபோகின்றன.

1680இல் பிறந்து, 1711 அளவில் தமிழகம் வந்த அந்த இத்தாலியர் எழுதிய தேம்பாவணி 1726இல் முடிந்தது. 36 படலம், 3,615 பாட்டு. ஏலாக்குறிச்சியில் இருந்துதான் எழுதினார் என்பது ஊர் வழக்கு. பனி கொட்டும் தேசத்தில் பிறந்தவர், யூதேய நாட்டை வருணிக்கும்போது பனியையா கொண்டுவந்தார்? வாய்க்காலும் நெல்லும் கரும்புமாக மருதத்தைக் கொண்டுவந்தார். மூன்று நூற்றாண்டுக்கு முன் அவர் விட்டுவந்த பனியை நாம் இன்று பிளாஸ்டிக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம்!

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் தேர்ந்தெடுத்த தலைவன். காப்பியத் தலைவன் சூசையப்பர். முனிவர் வாக்கில் வளன். நற்செய்தி நூல்கள் நான்கிலும் சூசையப்பர் வாய்திறந்து பேசியதாக ஒரு வார்த்தை இல்லை. ஒரு சொல்கூடப் பேசாதவருக்கு மூவாயிரத்து அறுநூறு பாட்டு! மத்தேயு அவரைப் பற்றிச் சொல்வதெல்லாம் இரவில் நடப்பவை. தூங்குகிறார், கனவு வருகிறது, எழுந்திருக்கிறார், சொன்னதைச் செய்கிறார். ஏரோது பிள்ளையைத் தேடுகிறான் என்று தெரிந்ததும் விடியட்டும் என்று இருக்கவில்லை. இரவோடு இரவாகத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குக் கிளம்பிவிடுகிறார். எப்போது திரும்புவது என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. நம்பிக்கை என்பது மனசில் ஒரு வெளிச்சம், ஒரு தெம்பு என்று பிரசங்கங்களில் கேட்டுப் பழகியவர்கள் சூசையப்பரைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். அவருக்குள் வெளிச்சம் இருந்ததா என்று யாரும் எழுதவில்லை. எழுந்து கழுதைக்குச் சேணம் கட்டியிருப்பார் என்று மட்டும் நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இருபதாம் நூற்றாண்டில் இப்படி முடிவு தெரியாமல் காத்திருப்பதைத் தன் உடம்பால் அறிந்தவர் ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர். இட்லரை எதிர்த்ததற்காக 1943இல் பெர்லினின் தேகல் சிறையில் அடைபட்டவர். அந்த நவம்பரில் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், திருவருகைக் காலத்துக்குச் சிறை அறை பொருத்தமான உவமை என்று எழுதினார். உள்ளே இருப்பவன் அதையும் இதையும் செய்துகொண்டு காத்திருக்கிறான். கதவு மட்டும் வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும். அவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிட்டார்கள். கடிதம் பொய்த்துவிட்டதா என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். எனக்குத் தெரிந்த பதில், நம்புகிறவன் பிழைத்துக்கொள்வான் என்று கிறித்தவம் எங்கும் உத்தரவாதம் கொடுக்கவில்லை என்பதே. பிறந்த குழந்தையே கடைசியில் சிலுவைக்குப் போகிறது. வேளாங்கண்ணியில் ஆழிப் பேரலை வந்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் நின்றவர்கள் நம்பிக்கை குறைந்தவர்கள் அல்லர்.

அப்படியென்றால் மகிழ்ச்சிக்கு இடம் எங்கே? திருச்சபை அதற்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறது. திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளில் மூன்றாவது, மகிழ்ச்சியின் ஞாயிறு. ஊதா உடுத்தும் குருவானவர் அன்று மட்டும் ரோஜா நிறம் உடுத்தலாம். திருவருகை வளையத்தில் ரோஜா நிற மெழுகுதிரி எரியும். விழா இன்னும் வரவில்லை, நோன்பு இன்னும் முடியவில்லை, நடுவழியில் ஒரு நாள் மகிழ்ந்துகொள் என்று ஏற்பாடு. ஏறத்தாழ அந்த வாரத்தில்தான் மார்கழியும் பிறக்கிறது. விடியற்காலையில் ஒரு பக்கம் பெருமாள் கோவில் ஒலிபெருக்கி, மறுபக்கம் மாதா கோவில் மணி. நடுத்தெருவில் பூசணிப் பூ வைத்த கோலத்தை மிதிக்காமல் ஓரமாக வண்டியை ஓட்டிப் போகும் பால்காரர்.

குடில் வேலை தொடங்குவதும் அப்போதுதான். மண்தட்டில் கேழ்வரகையோ நெல்லையோ தெளித்து இருட்டு மூலையில் வைத்துவிடுவார்கள். விழாவுக்குள் விரற்கடை உயரத்துக்குப் பயிர் எழும்பிவிட வேண்டும். தடித்த காகிதத்தைக் கசக்கிக் கரியும் பசையும் பூசினால் மலை. சவுக்குக் கம்பு, வைக்கோல் கூரை. கூரைமேல் தூவப் பனி வேண்டுமே! மருந்துக் கடைப் பஞ்சு வாங்குகிறவர்கள் உண்டு. பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. முதல் வெடிப்புப் பருத்தி எடுத்து வந்திருப்பார்கள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கொட்டையை நீக்கி, விரலால் இழுத்து இழுத்து மெல்லிசாக்கிக் கூரையில் போடுவார்கள். சில நேரம் நசுங்கிய சருகும் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பனியில் மட்டும் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. பாதிக்குப் பாதி கடனில் விளைந்தது, ஆள் உயிரைக் குடித்த மருந்தின் வாடை படிந்தது. இந்த ஊரின் பயமும் இந்த ஊரின் வரும்படியும் ஒன்றாக வந்து பாலன் தலைக்குமேல் உட்கார்ந்திருக்கிறது. பெத்லகேம் மாட்டுக்கொட்டிலும் ஒன்றும் வாசனையாக இருந்திருக்காது.

பலகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். அதிரசம், முறுக்கு, சீயம். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்ததும் முதல் தட்டு பக்கத்து வீட்டுக்குப் போகும். அந்த வீட்டிலிருந்து தீபாவளிக்கு வந்த தட்டைத் திருப்பித் தரும் நேரமும் அதுதான். வெறும் தட்டாகத் தரக்கூடாது என்பது நம் ஊர்ச் சட்டம். படைப்புழு வந்த வருடத்தில் தட்டு சின்னதாகப் போயிருக்கலாம், போகாமல் இருந்திருக்காது. மகிழ்ச்சி மனநிலை சம்பந்தப்பட்டது என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது, இங்கே அது பெரும்பாலும் கைவேலை. வெல்லப்பாகு பதம் தப்பினால் அதிரசம் எண்ணெயில் கரைந்துவிடும். அழுதுகொண்டே சுட்டாலும் பாகைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். பிள்ளையை இழந்த வீட்டுக்கு அந்த ஆண்டு பலகாரம் சுடும் கடமையைப் பங்காளிகளும் அக்கம்பக்கமும் எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய அறிவு! நம்பிக்கை தீர்ந்துபோனவருக்காக மற்றவர்கள் நம்பிவைப்பது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2026 நவம்பர் 23ஆம் தேதி மருதையாற்று விபத்துக்கு எழுபது ஆண்டு நிறைகிறது. அது இறந்தோர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. அதே வாரக் கடைசியில், நவம்பர் 29 அன்று, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அந்த வாரத்தில் இரண்டு மாவட்டத்து ஆலயங்களும், சபை வேறுபாடு பார்க்காமல், மற்றச் சமயத்தாரையும் அழைத்துக்கொண்டு, பாலத்தருகே ஒரு மாலை கூடலாம். தூத்துக்குடி வண்டி ஆகையால் தென்பாண்டிச் சீமைக் குடும்பங்களும் அதில் இருந்திருக்கும். அங்கிருந்து வரக்கூடியவர்களுக்குச் சொல்லி அனுப்பலாம். அன்று ஆற்றங்கரைக்கு ஓடிப்போய்ப் பார்த்ததாகத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்கள் இந்த அவையிலேயே சிலர் இருக்கக்கூடும். அவர்கள் சொன்னதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, உங்கள் ஊர் நூலகத்தில் கொடுத்து வையுங்கள். ஒலிப்பதிவாக இருந்தாலும் சரி. கூடும்போது குடையும் எடுத்து வாருங்கள், அன்றைக்கும் மழை இருக்கும்.